கோணங்கித்தனத்துக்கு மலாயில் என்ன?

போன வாரம் உங்களில் ஒரு பெண், பெயரைச் சொன்னால் வெட்கப்படுவாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "சார், ஒரே ஒரு வார்த்தை. சாட்சி 'கோணங்கித்தனம்'னு சொல்லிட்டாரு. மலாயில என்னா போடலாம்? ரெண்டு மணிக்குத் திரும்பக் கோர்ட்டு கூடிடும் சார்!" என்றாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. என் இடது காது மந்தம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கிழவனுக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து அதே வார்த்தையை இன்னும் சத்தமாகச் சொன்னாள். விழாமல் இல்லை அம்மா. அந்த வார்த்தையோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

"நீயா ஒரு வார்த்தை போடாதே. அந்த ஆள் என்ன செய்தான் என்று சாட்சியிடமே கேட்கச் சொல்லி நீதிபதியிடம் அனுமதி வாங்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்தப் பதிலில் அவளுக்குத் திருப்தி இருந்திருக்காது. ஒரு வார்த்தை கேட்டவளுக்கு ஒரு வேலையைக் கொடுத்தேன். அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளர் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோருமே படியுங்கள். அலமாரியில் அகராதி இருக்கிறது, அதில் இது இருக்காது.

ஜப்பான் காலத்தில் எனக்கு இருபத்து மூன்று வயது. சண்டைக்கு முன்பு மலாக்கா நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்து, வேலை நிரந்தரம் ஆவதற்குள் ஆட்சியே மாறிவிட்டது. புதிதாக வந்தவர்கள் என்னைப் போலீஸ் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். தமிழை மலாயாக்குவது என் வேலை. என் பக்கத்தில் ஒரு சீனர். மலாயை ஜப்பான் மொழியாக்குவது அவர் வேலை. தமிழர் ஒருவர் சொன்னது அதிகாரியின் காதுக்கு எங்கள் இரண்டு பேர் வாயையும் தாண்டித்தான் போகும்.

அந்தச் சீனரின் பெயரை எழுதமாட்டேன். ஜப்பான்காரர்களிடம் வேலை பார்த்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்று சண்டை முடிந்த பிறகும் பயந்துகொண்டே இருந்தவர். நாற்பது வயது, ஒல்லி, சிரிக்கவே மாட்டார். அவர்தான் எனக்கு ஓர் ஏற்பாடு சொல்லிக்கொடுத்தார். எனக்கு வார்த்தை சட்டென்று கிடைக்காவிட்டால், பென்சிலால் மேசையை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். உடனே அவர் எழுந்து அதிகாரியை வணங்கி, கேள்வி தமக்குச் சரியாகப் புரியவில்லை என்று சொல்லித் திரும்பக் கேட்பார். திட்டு அவருக்கு விழும், யோசிக்கும் நேரம் எனக்குக் கிடைக்கும். இந்தப் பென்சிலை மறந்துவிடாதீர்கள்.

கஜா பெராங் சாலை முனையில் அப்போது ஒரு காவல் சாவடி இருந்தது. அதைத் தாண்டுகிறவர்கள் சைக்கிளிலிருந்து இறங்கி, வண்டியிலிருந்து இறங்கி, இடுப்பு மடங்கக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். குனிந்தது போதாது என்று பட்டால் கன்னத்தில் அறை. எவ்வளவு குனிந்தால் போதும் என்பது அன்றைக்கு நிற்கிற சிப்பாயைப் பொறுத்தது. நான் தினமும் இரண்டு முறை அதைத் தாண்ட வேண்டும். சாவடி கண்ணில் படும்போதே சைக்கிளிலிருந்து இறங்கிவிடுவேன்.

அந்த வட்டாரத்தில் மாணிக்கம் என்று ஒரு மாட்டுவண்டிக்காரர். செங் என்ற ஊர்ப் பக்கமிருந்து விறகு ஏற்றிவந்து வீடு வீடாகப் போடுவார். ஆறு வயதில் ஒரு மகள், பொன்னி. மனைவி செல்லம்மா சண்டைக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மகளோடு ஊரிலிருந்து கப்பலில் வந்திருந்தாள். தமிழைத் தவிர ஒரு சொல் தெரியாது. மாணிக்கத்துக்குச் சந்தை மலாய் நன்றாக வரும். விறகு இறக்கும்போது வாத்து மாதிரி நடப்பார், கட்டையைத் துப்பாக்கி மாதிரி தோளில் வைத்துக்கொள்வார். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னாலேயே ஓடும்.

ஒரு நாள் அவரைப் பிடித்து வந்துவிட்டார்கள். அதிகாரியின் மேசைமேல் பாக்குமட்டையில் செய்த ஒரு தொப்பி. அதன் பின்பக்கம் பிடரியை மறைக்கிற மாதிரி காக்கித் துணி தைத்திருந்தது. சிப்பாய்களின் தொப்பியேதான், சந்தேகமே இல்லை. அதை மாட்டின் தலையில் கட்டி, மாட்டுக்கு முன்னால் மாணிக்கம் குனிந்து குனிந்து வணங்கினார் என்பது குற்றச்சாட்டு. யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள். யாரென்று எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. ராணுவத்தைப் பரிகசித்தார் என்று முடிவானால் அவர் வீடு திரும்பப் போவதில்லை. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

மாணிக்கம் வாய் திறக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் அதிகாரி கேட்டால் ஒழியப் பேசக் கூடாது, கேட்டபோதும் அவருக்கு நாக்கு எழவில்லை. ஆகவே வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிவரச் சொன்னார் அதிகாரி. செல்லம்மா வந்தாள். முந்தானையை இரண்டு தோளிலும் போர்த்திக்கொண்டு சுவர் ஓரம் நின்றாள்.

"உன் புருசன் மாட்டுக்கு முன்னால என்னம்மா பண்ணாரு?" என்று கேட்டேன்.

"அவரு சும்மா கோணங்கித்தனம் பண்ணிக்கிட்டு இருந்தாருங்க. எப்பவும் அப்படித்தாங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

என்ன அருமையான வார்த்தை, யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆடுகிற பிள்ளையைப் பார்த்துச் சொல்வோம். சாமி கும்பிடும்போது கண்ணை உருட்டிக் காட்டுகிற தம்பியிடம் சொல்வோம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனைப் பார்த்துப் பெண் வீட்டார் சொல்வார்கள். திட்டு மாதிரி ஆரம்பிக்கும், முடிவதற்குள் சொல்கிறவர் உதட்டில் சிரிப்பு வந்துவிடும். அந்நியனைப் பார்த்து யாரும் சொல்வதில்லை. அவன் அதையே செய்தால் திமிர் என்போம். நம் ஆள் செய்தால்தான் கோணங்கித்தனம். இவ்வளவையும் இன்றைக்கு நிதானமாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரு மூச்சு நேரம்.

பென்சில் என் கையில்தான் இருந்தது. தட்டவில்லை. ஏன் தட்டவில்லை? எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது, அதுதான் காரணம். விளையாட்டு என்று சொன்னால், ராணுவத்தோடு விளையாட்டா என்று கேட்பார்கள். கேலி என்றால் கதை முடிந்தது. பைத்தியம் என்று சொல்லிவிட்டால்? பைத்தியக்காரனை யார் தண்டிப்பார்கள்? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, "கீலா, துவான்" என்றேன். பைத்தியம், ஐயா. எப்போதுமே இப்படித்தான், ஐயா.

சீனர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அதை அப்படியே ஜப்பான் மொழியில் சொன்னார். அதிகாரி ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதினார். கோபமாகக்கூட இல்லை. மாணிக்கம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவருக்கு மலாய் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? நான் சொன்னது அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. செல்லம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கையெடுத்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வெளியே வந்ததும் சீனர் என்னைக் கொல்லைப்பக்கக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"நீ பைத்தியம்னு சொன்னே. அவரு என்னா எழுதினாரு தெரியுமா? வெளிய விடக்கூடாத ஆளுன்னு. நாளைக்குக் காலையில லாரி வருது. ஏத்திக்கிட்டுப் போயிருவாங்க" என்று மலாயில் முணுமுணுத்தார்.

"எங்க?"

"போன மாசம் ரெண்டு பேர ஏத்தினாங்களே, எங்கன்னு யாராச்சும் சொன்னாங்களா? அந்தப் பொம்பள சொன்னது பைத்தியம்தானா?"

"இல்ல."

"அப்புறம் பென்சிலு எதுக்கு லா உனக்கு?"

குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். திருத்திச் சொல்லலாம் என்றால், பொய் சொன்ன மொழிபெயர்ப்பாளனுக்கு என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சொல்லாமல் இருந்தால் மாணிக்கம் லாரியில் ஏறுவார். எனக்கு வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் நினைத்தது அவர்களைத்தான். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் முதல் அரை மணி நேரம் நினைத்தேன். அந்தக் கும்பிடுதான் இருக்க விடவில்லை.

மதியம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கஜா பெராங் போனேன். சாவடியில் மூக்கு முட்டியில் படுகிற அளவுக்குக் குனிந்தேன். மாணிக்கத்தின் வீட்டு வாசலில் மாடு அவிழ்க்காமல் நின்றுகொண்டிருந்தது. செல்லம்மா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடிவந்தாள்.

"வாங்கய்யா! நீங்க நல்ல வார்த்தையாத்தான் சொல்லியிருப்பீங்க. எப்ப விடுவாங்க?"

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். பிறகு அவள் கேட்டது இது. முப்பது வருடமாக என் மேசை இழுப்பறையில் எழுதி வைத்திருந்தேன்.

"நான் பைத்தியம்னா சொன்னேன்? என் வாயில வராத வார்த்தைய எதுக்குங்க என் வாயில வச்சீங்க?"

"அப்ப அவரு என்னதாம்மா பண்ணாரு, விவரமாச் சொல்லு" என்றேன். காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவள் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் மாணிக்கம் மகளோடு சாவடியைத் தாண்டும்போது அறை வாங்கியிருக்கிறார். பொன்னி பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து சாவடிப் பக்கம் வரமாட்டாள், வற்புறுத்திக் கூட்டிப்போனால் குனியாமல் விறைத்துப்போய் நின்றுவிடுவாள். அரிசிக்கு வரிசையில் நிற்கத் தாயோடு அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். குழந்தைக்கு அறை விழுந்தால் என்ன செய்வது? அதனால் மாணிக்கம் மாட்டைச் சிப்பாயாக்கினார். தொப்பி கட்டினார். அதன் முன்னால் தப்புத் தப்பாகக் குனிவார். பிறகு மாடு திட்டுகிற மாதிரி தானே உறுமி, தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டு மல்லாக்க விழுவார். மகள் சிரிப்பாள். மாட்டைப் பார்த்து இல்லை, விழுந்த அப்பாவைப் பார்த்து. பிறகு எழுந்து, "இப்ப நீ சரியாச் செய் பாப்போம்" என்பார். அப்படித்தான் அந்தப் பிள்ளை குனியக் கற்றுக்கொண்டது.

இதை மலாயில் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வேலியில் ஓர் அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மலாக்காச் செட்டிக் குடும்பம். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். செல்லம்மாவும் அவரும் கையாலும் கண்ணாலுமே சிநேகிதம் ஆனவர்கள். நான் மலாயில், "மாணிக்கம் மாட்டுக்கிட்ட பண்ணுவாரே, அத என்னான்னு சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. துணியை உதறிக்கொண்டே, "பிள்ளை சிரிக்கணும்னு தன்னையே முட்டாளாக்கிக்குவாரு. வேற யாரையும் இல்ல" என்றார்.

தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. ஒரு வார்த்தை இல்லை, ஒரு வாக்கியம். கேலி செய்கிறவன் எதிரே இருப்பவனைச் சின்னவனாக்குகிறான். கோணங்கி தன்னைச் சின்னவனாக்கிக்கொள்கிறான். அந்த வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை லாரி நிலைய வாசலில் நின்றது. செல்லம்மாவை வரச்சொல்லியிருந்தேன். அதிகாரி வந்து உட்கார்ந்ததும் பென்சிலால் மேசையை இரண்டு தட்டினேன். சீனர் எழுந்து வணங்கினார். ஆனால் கேள்வியே இன்னும் வரவில்லையே! அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நேற்று நான் தவறாகச் சொன்னேன். சாட்சி சொன்ன வார்த்தை அது இல்லை" என்றேன். சீனர் என் தவறோடு தன் தவறையும் சேர்த்துச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. கேட்டு உறுதி செய்யாமல் மொழிபெயர்த்தது தம் குற்றம் என்றாராம்.

அதிகாரி எழுந்துவந்து என் இடது கன்னத்தில் இரண்டு அறை விட்டார். காதுக்குள் ஒரு ரீங்காரம் கிளம்பியது. அது இன்றுவரை அடங்கவில்லை. சீனருக்கு ஓர் அறை. பிறகு போய் உட்கார்ந்து, "எது சரியான வார்த்தை?" என்று கேட்டார்.

செட்டி அம்மாளின் வாக்கியத்தைச் சொன்னேன். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அதிகாரி தொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாணிக்கத்தைக் கொண்டுவரச் சொன்னார். தொப்பியை ஒரு நாற்காலியின் முதுகில் மாட்டினார்.

"செய்து காட்டு."

நான் அதைத் தமிழில் சொன்னேன். மாணிக்கம் நாற்காலி முன்னால் வந்து நின்றார். நிற்கிறார், நிற்கிறார். நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கடைசியில் கைகளைத் தொடையில் ஒட்டி, அளந்து வைத்த மாதிரி ஒரு வணக்கம் வைத்தார். எந்தச் சிப்பாயும் குறை சொல்ல முடியாத வணக்கம். நிமிர்ந்து, அப்படியே விறைத்து நின்றார்.

ஏன் என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. பைத்தியம் என்று நான் சொன்னதைக் காதால் கேட்டவர் அவர். லாரி எதற்கு வருகிறது என்று அவரோடு உள்ளே அடைபட்டிருந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். இப்போது ஒரு சேட்டை செய்தால் ஏற்றிவிடுவார்கள் என்று நினைக்கிறார். நான் போட்ட முடிச்சு, அவிழ்க்க எனக்கு வழியில்லை.

அதிகாரியின் விரல் தாள் மேல் போனது. அப்போதுதான் செல்லம்மா சுவரை விட்டு வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நாற்காலி முன்னால் நின்று ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணலாகக் குனிந்தாள். தொண்டைக்குள் மாடு மாதிரி உறுமினாள். பிறகு தன் கன்னத்தில் தானே ஓங்கி அறைந்துகொண்டு தரையில் மல்லாக்க விழுந்தாள். வேற்று ஆண்கள் எதிரே தலை நிமிராத பெண். தலை தரையில் மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, சரியாக ஒரு தடவை குனிந்தாள். "இப்படித்தாங்க புள்ளைக்குப் சொல்லிக் குடுத்தாரு" என்றாள். அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அதிகாரி நாற்காலியிலிருந்து தொப்பியைக் கழற்றினார். பிறகு, "அந்தப் பிள்ளை இப்போது சரியாகக் குனிகிறதா?" என்று கேட்டார்.

"இப்ப குனியிறாளுங்க. அப்பா வந்தாத்தான் சாப்புடுவேங்கிறா" என்றாள் செல்லம்மா.

அவர் தொப்பியை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். தாளையும் கிழித்தார். நண்பகல் வரை மாணிக்கம் வாசல் வெயிலில் முட்டி போட வேண்டும், அப்புறம் போகலாம். அவ்வளவுதான் தீர்ப்பு. அவர் மனம் ஏன் இளகியது என்று எனக்குத் தெரியாது, அவர் நல்லவர் என்று நான் சொல்லவும் இல்லை. லாரி அன்று வேறு ஆட்களோடு போயிற்று.

நண்பகலில் அவர்கள் இருவரோடும் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். மாணிக்கத்தால் முட்டியை மடக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை எனக்கு. சாவடியில் மூன்று பேரும் குனிந்தோம். வீட்டு முனை திரும்பியதும் செட்டி அம்மாளின் கையை உதறிக்கொண்டு பொன்னி ஓடிவந்தாள். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, மாட்டின் முன்னால் போய் நின்று கோணலாகக் குனிந்து, கன்னத்தில் தட்டிக்கொண்டு பொத்தென்று மல்லாக்க விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே தலையைத் தூக்கி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், சிரிப்புக்காக.

மாணிக்கம் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். போய் அவளைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

"கோணங்கித்தனம் பண்ணாதே" என்றார்.

மறுபடி வண்டி ஓட்டினார், விறகு போட்டார். சண்டை முடிந்தது, சாவடியைப் பிடுங்கிப்போட்டார்கள், பொன்னிக்குக் கல்யாணமும் ஆயிற்று. நான் அழைப்பில்லாமலே போய் நின்றேன். ஆனால் அதற்குப் பிறகு மாணிக்கம் வாத்து மாதிரி நடந்து நான் பார்க்கவில்லை, ஊரில் வேறு யாரும் பார்த்ததாகவும் சொல்லவில்லை.